தெருவிளக்கு இல்லாத ரோட்டில் தினமும் சைக்கிள்: முன்பக்க லைட் எதைப் பார்த்து வாங்குவது?

கருக்கல்பயணி எழுதியது:

வேலை முடிந்து கிளம்பும்போதே இப்போதெல்லாம் இருட்டிவிடுகிறது. வழியில் பாதிக்கு மேல் தெருவிளக்கே கிடையாது. ஓரக்கோடு அழிந்துபோன ரோடு, அங்கங்கே தார் பெயர்ந்த குழி, நடுநடுவே எதிரே வரும் வண்டிகளின் ஹைபீம். என்னிடம் இருப்பது கட்டைவிரல் அளவு லைட். அதை வைத்து மற்றவர்களுக்கு நான் தெரிவேனே தவிர எனக்கு ரோடு தெரியாது. சுமார் 25 கிமீ வேகத்தில் போவேன், ஒரு நடைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். வாங்கலாம் என்று பார்த்தால் 400 லூமன், 1000 லூமன், 2000 லூமன் என்று பெட்டிக்குப் பெட்டி ஒரு எண். எதை நம்பி எடுப்பது? தினமும் இருட்டில் ஓட்டுகிறவர்கள் விரிவாகவே சொல்லுங்கள், படிக்கத் தயார்.

வேகமிதி எழுதியது:

1000 லூமனுக்குக் குறையாமல் வாங்குங்கள். தேவையில்லாத இடத்தில் குறைத்து வைத்து ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் லைட்டில் இல்லாத வெளிச்சத்தைக் கூட்ட முடியாது.

ஒளிக்கணக்கு எழுதியது:

லூமனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லூமன் என்பது அந்த லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு தார்மேல் விழுகிறது, எவ்வளவு மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் போகிறது என்று அந்த எண் சொல்லாது. சாதாரண டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கிற லைட்டில் மேல்பாதி வட்டம் ரோட்டைத் தொடுவதே இல்லை, விழலுக்கு இறைத்த நீர்தான். கீழ்ப்பாதியிலும் பெரும்பகுதி உங்கள் முன்சக்கரத்துக்கு மூன்று நான்கு மீட்டர் முன்னால் பளீரென்று விழும். அங்கே வெளிச்சம் அதிகமானால் கண்பாப்பா சுருங்கிக்கொள்ளும், அப்புறம் தூரத்தில் இருக்கிற குழி இன்னும் இருட்டாகத்தான் தெரியும். நிறைய பேர் "லைட் பத்தவில்லை" என்று இன்னும் பெரிய லைட்டாக வாங்கிக்கொண்டே போவது இதனால்தான்.

உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று முதலில் பாருங்கள். 25 கிமீ வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். குழியைக் கண்டு, அது குழிதான் என்று புரிந்து, பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை வினாடி போய்விடும், அதாவது 10 மீட்டருக்கு மேல். காய்ந்த ரோட்டில் நிதானமாக பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 8 மீட்டர். ஆக 18, 19 மீட்டர். 30 கிமீ வேகத்துக்கு இதே கணக்கு 24 மீட்டர் வரும், ஈர ரோடு என்றால் இன்னும் நீளும். ஆகவே 20 முதல் 30 மீட்டர் வரை ரோடு சீராகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பார்க்க வேண்டிய எண் லக்ஸ், அதாவது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. ஜெர்மனியில் சைக்கிள் லைட்டை 10 மீட்டர் தள்ளி வைத்து லக்ஸில்தான் அளக்கிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். 10 மீட்டரில் 80 லக்ஸ் இருப்பது 20 மீட்டரில் 20 லக்ஸ், 40 மீட்டரில் 5 லக்ஸ்.

பெட்டியில் லக்ஸ் போடவில்லை, "150 மீட்டர் தூரம் அடிக்கும்" என்று மட்டும் போட்டிருக்கிறது என்றால் அதிலிருந்தும் கணக்குப் போடலாம். டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரத்தில், வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும் தூரம் என்று எடுத்துக்கொள்வார்கள். கால் லக்ஸ் என்பது பௌர்ணமி நிலவொளி. அந்த வெளிச்சத்தில் 25 கிமீ வேகத்தில் குழி தெரியாது. எனவே அந்தத் தூரத்தை அதே எண்ணால் பெருக்கி 400ஆல் வகுத்துவிடுங்கள், 10 மீட்டரில் எத்தனை லக்ஸ் என்று வந்துவிடும். 150 மீட்டர் என்றால் 56 லக்ஸ், 200 மீட்டர் என்றால் 100 லக்ஸ். நடுப்புள்ளியில் மட்டும்தான் அவ்வளவு, சுற்றிலும் எப்படி என்று இது சொல்லாது. ஆனாலும் இரண்டு லைட்டை ஒப்பிட லூமனைவிட இது நல்ல அளவு.

கடைசியாக ஒன்று. கட்-ஆஃப் உள்ள லைட்டாகப் பாருங்கள். கார் ஹெட்லைட்டை டிம் செய்தால் சுவரில் ஒரு கோடு போட்ட மாதிரி மேலே இருட்டு, கீழே வெளிச்சம் விழுமே, அதே அமைப்பு. வெளிச்சம் முழுக்க ரோட்டுக்கு வரும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசாது. ஜெர்மன் விதிப்படி வரும் லைட்டுகள் எல்லாம் இப்படித்தான், அவற்றின் உடம்பில் ஓர் அலைக்கோடும் கே என்ற எழுத்தும் சில எண்களும் பொறித்திருக்கும்.

வேகமிதி எழுதியது:

கட்-ஆஃப் லைட்டை நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நேர் ரோட்டில் அருமை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில் அந்தக் கோடு முகத்துக்கு முன்னால் சுவர் வைத்த மாதிரி நின்றுவிடும், அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தாழ்ந்து தொங்கும் கிளை தலைக்கு நேரே வரும்வரை தெரியாது. கருப்புச் சட்டை போட்டு ஓரமாக நடந்து போகிறவரின் முழங்கால் வரைக்கும்தான் தெரியும். வளைவில் சைக்கிளைச் சாய்த்தால் வெளிச்சமும் சேர்ந்து சாய்ந்துவிடும். வட்டமாக அடிக்கிற லைட்டில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டால் எதிரே வருகிறவருக்கும் பிரச்சினை இல்லை.

ஒளிக்கணக்கு எழுதியது:

கிளை, மேடு இரண்டும் நியாயமான குறைதான், ஒத்துக்கொள்கிறேன். கருக்கல்பயணி சொல்கிற ரோட்டில் தாழ்ந்த கிளைகள் அதிகம் என்றால் ஹெல்மெட்டில் ஒரு சின்ன லைட் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். அது தலை திரும்பும் பக்கம் அடிப்பதால் வளைவுக்கும் உதவும்.

ஆனால் "கீழே சாய்த்தால் பிரச்சினை இல்லை" என்பதை ஏற்க முடியவில்லை. வட்ட லைட்டில் நடுப்புள்ளியை 20 மீட்டரில் தரையில் படும்படி வைத்தால் அதன் மேல்பாதி எதிரே வருகிறவர் முகத்தில்தான் விழும். முகத்தில் விழாத அளவுக்குச் சாய்த்தால் நடுப்புள்ளி ஐந்தாறு மீட்டரில் விழுந்துவிடும், தூரம் போய்விடும். இரண்டையும் சேர்த்துப் பெற வழியில்லை. தெருவிளக்கு இல்லாத ரோட்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் எதிரே வருகிறவரின் கண் இருட்டுக்குப் பழகி இருக்கும். கண் முழுசாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு வினாடி வெளிச்சம் போதும். வயதானவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே வெளிச்சம் அதிகம் சிதறுவதால் கூச்சமும் அதிகம், தெளிய நேரமும் அதிகம். அவர் ஒரு காரையோ லாரியையோ ஓட்டிக்கொண்டு உங்களை நோக்கி வருகிறார் என்பதை மறக்க வேண்டாம். எதிரே வருகிறவர் நம்மைப் பார்த்து டிம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், நம் லைட்டும் அந்த மரியாதையைத் திருப்பித் தர வேண்டாமா?

தேயாசக்கரம் எழுதியது:

தினமும் ஒரே வழி, பருவம் முழுக்க இருட்டு என்கிறீர்கள், அப்படியானால் டைனமோ ஹப்பை யாரும் சொல்லாமல் விட்டது ஆச்சரியமாக இருக்கிறது. டயரில் உரசி உர்ரென்று கத்துகிற பழைய பாட்டில் டைனமோவை நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இது முன்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே, அதாவது சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே இருக்கும், சத்தமே கிடையாது. 6 வோல்ட், 3 வாட் என்பதுதான் பொது அளவு. 3 வாட் கேட்பதற்குக் கொஞ்சம்தான், ஆனால் நல்ல கண்ணாடி அமைப்பு இருந்தால் அதுவே தாராளம்: டைனமோ லைட்டுகளில் பூஷ் உண்ட் முல்லரின் ஐக்யூ-எக்ஸ் 100 லக்ஸ், ஷ்மிட்டின் எடெலக்ஸ் 2 என்பது 90 லக்ஸ். மேலே நண்பர் சொன்ன கணக்கில் 200 மீட்டர் டார்ச்சுக்குச் சமம், அதுவும் முழுக்க ரோட்டில்.

சார்ஜ் போட்டோமா என்ற நினைப்பே வேண்டாம் என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. சைக்கிள் ஓடினால் லைட் எரியும். நின்றால் உள்ளே இருக்கும் மின்தேக்கி சில நிமிடம் மங்கலாக எரிய வைக்கும், சிக்னலில் நிற்கும்போது அது போதும். லைட் போட்டால் மிதிக்க சற்றே கூடுதல் விசை தேவைப்படும், ஓட்டும்போது அது தெரிவதே இல்லை. குறை என்றால், ஹப்பை வைத்து முன்சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டும், செலவும் அதற்கேற்ப இருக்கும், ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்ற முடியாது. செங்குத்தான ஏற்றத்தில் நடை வேகத்துக்கு வந்துவிட்டால் வெளிச்சம் குறைந்து நடுங்கும்.

கருக்கல்பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டைனமோ ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இது என் தம்பியும் நானும் மாற்றி மாற்றி ஓட்டும் சைக்கிள். இன்னும் ஓரிரு வருடத்தில் வேறு சைக்கிள் எடுப்பேன். அதுவரை பேட்டரி லைட்தான். கட்-ஆஃப் என்பது வரை மனசு முடிவாகிவிட்டது.

இரண்டு கேள்வி. பெட்டியில் "5 மணி நேரம்" என்று போட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்? அப்புறம் மினுக்கும் மோடு வைத்து ஓட்டினால் பேட்டரியும் மிச்சம், வண்டிக்காரர்களும் கவனிப்பார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சரியா?

மின்கலம் எழுதியது:

நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

பெரும்பாலான லைட்டுகளுக்குள் இருப்பது 18650 என்ற லித்தியம் செல், பெயரிலேயே அளவு இருக்கிறது, 18 மிமீ விட்டம், 65 மிமீ நீளம். 3000 மில்லி ஆம்பியர்-மணி செல் ஒன்று என்றால் ஏறக்குறைய 11 வாட்-மணி. எல்இடியும் அதன் சர்க்யூட்டும் சேர்ந்து வாட்டுக்கு 100 லூமன் தருவதாக வைத்துக்கொண்டால், 1000 லூமனுக்கு 10 வாட். ஆக ஒரே செல்லில் 1000 லூமன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். 300 லூமனில் மூன்றரை மணி நேரம். இந்தக் கணக்கைத் தாண்டி யாராவது எழுதியிருந்தால், லைட் நடுவிலேயே தானாகக் குறைந்துகொள்கிறது என்று அர்த்தம்.

அது பொய் என்று கூடச் சொல்ல முடியாது. முன்னால் பேசிய அதே எஃப்எல்1 தரத்தில், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 10 சதவீதமாகும் வரை "எரியும் நேரம்" என்றே எண்ணிக்கொள்ளலாம். 1000 லூமனில் தொடங்கி 100 லூமனில் முடிவது 5 மணி நேரம் என்று பெட்டியில் போடப்படும். அதனால் நேரம் போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று கோடு வரைந்து காட்டியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். கடைசி வரை வெளிச்சத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும் லைட் நல்லது, ஆனால் அது திடீரென்று அணையாமல், முன்கூட்டியே எச்சரித்துவிட்டு மங்கலான மோடுக்கு இறங்க வேண்டும். குழி நிறைந்த இறக்கத்தில் பட்டென்று இருட்டானால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

உங்களுக்குப் போக வர ஒன்றரை மணி நேரம். நீங்கள் ஓட்டப்போகும் மோடில் மூன்று மணி நேரமாவது வரும் லைட்டாகப் பாருங்கள். செல்லுக்கு வயதாகும், குளிரில் இன்னும் குறைவாகத் தரும். உறைநிலைக்குக் கீழே குளிர் போகும் இடம் என்றால் லைட்டை உள்ளே கொண்டுவந்து, அது அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் சார்ஜ் போட வேண்டும். செல்லைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால் அதற்கே என் ஓட்டு. மூன்று வருடம் கழித்து செல் போனாலும் லைட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

ஓரச்சாலை எழுதியது:

மினுக்கும் மோடு இருட்டு ரோட்டில் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் நின்று எரிந்தால்தான் நீங்கள் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறீர்கள் என்று எதிரே இருப்பவரால் அளவெடுக்க முடியும். விட்டு விட்டு எரிந்தால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று பிடிபடாது. உங்களுக்கும் ரோடு துண்டு துண்டாகத்தான் தெரியும். ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் முன்விளக்குக்கே அனுமதி கிடையாது. பிரிட்டனில் 2005 முதல் அனுமதி உண்டு, அதுவும் நிமிடத்துக்கு 60 முதல் 240 தடவைக்குள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு, ஆனால் தெருவிளக்கு இல்லாத இடத்தில் நின்று எரியும் லைட்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மோடு மாற்றும் பட்டனையும் வாங்கும் முன் அழுத்திப் பாருங்கள். சில லைட்டுகளில் பெரியதிலிருந்து சின்னதுக்குப் போக மினுக்கல், அணைதல் எல்லாவற்றையும் தாண்டித்தான் வர வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, ஓடும்போது, இருட்டில் அழுத்த வேண்டிய பட்டன் அது. பெரியது சின்னது இரண்டுக்கும் இடையில் மட்டும் மாறி, அணைப்பதற்கு நீண்ட அழுத்தம் கேட்கிற லைட்டே நல்லது. பையில் வைக்கும்போது தானாக எரிந்துவிடாமல் பட்டனைப் பூட்டும் வசதியும் இருக்க வேண்டும்.

மழைமேகம் எழுதியது:

மழை, பனி பற்றி யாரும் பேசவில்லையே. ஈரத் தார் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாமல் முன்னோக்கிச் சிதற விட்டுவிடும், காய்ந்த ரோட்டில் தாராளமாக இருந்த லைட் அன்றைக்குப் பாதி மாதிரி இருக்கும். மழைநாளையும் கணக்கில் வைத்து ஒரு படி அதிகமாகவே வாங்குங்கள். பனியிலும் தூறலிலும் ஹெல்மெட் லைட்டை அணைத்துவிடுங்கள், கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே அடிப்பதால் ஒவ்வொரு துளியும் வெள்ளையாக மின்னி முன்னால் திரை போட்டுவிடும்.

லைட் இருக்கும் உயரமும் முக்கியம். ஹேண்டில்பாரில் இல்லாமல் முன்சக்கரத்துக்கு மேலே ஃபோர்க் தலைப்பில் வைத்தால், வெளிச்சம் தாழ்வாக வந்து சின்னக் குழிக்கும் நீளமான நிழல் கிடைக்கும். குழியின் உங்கள் பக்க விளிம்புக்கு அப்பால் கறுப்பாக ஒரு கீற்று, அதற்கடுத்து எதிர் விளிம்பு பளிச்சென்று. ஆழம் இருக்கிறதா, வெறும் கறையா என்று தூரத்திலேயே பிரித்துவிடலாம். ரொம்பத் தாழ்த்திவிட்டால் ஒவ்வொரு ஜல்லிக்கும் பள்ளம் மாதிரி நிழல் விழும், அதுவும் தொல்லை. ஃபோர்க் தலைப்பு நடுவாந்திரமான உயரம். ஹேண்டில்பாரில் பை மாட்டுகிறவர்களுக்கு மறைப்பும் இருக்காது.

ரப்பர் பட்டையில் கட்டும் வகையை இந்த மாதிரி ரோட்டுக்கு நான் எடுக்க மாட்டேன். குலுங்கிக் குலுங்கி லைட் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை கவிழும், வீடு வரும்போது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். திருகு போட்டு இறுக்கும் தாங்கியாக இருக்கட்டும். தண்ணீர்க் காப்புக்கு ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி தளர்ந்துவிட்டால் இரண்டுக்கும் அர்த்தமில்லை, அந்த மூடியை விரலால் இழுத்துப் பாருங்கள்.

கருக்கல்பயணி எழுதியது:

முடிவெடுத்துவிட்டேன். கட்-ஆஃப் உள்ளது, 10 மீட்டரில் 80 லக்ஸ், கழற்றி மாற்றும் செல், திருகுத் தாங்கி. பழைய குட்டி லைட்டைத் தூக்கிப்போடாமல் பையில் மாற்றாக வைத்துக்கொள்கிறேன். நான் ஹேண்டில்பாரிலேயே வைக்கலாம் என்று இருக்கிறேன், ஃபோர்க்கில் மட்கார்டு திருகு இடிக்கிறது. சாய்வை எப்படிச் சரியாக வைப்பது? கண்ணளவில் வைத்தால் போதுமா?

ஒளிக்கணக்கு எழுதியது:

கண்ணளவு வேண்டாம், சுவர் ஒன்று போதும். லைட்டின் கண்ணாடி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள், 100 செமீ என்று வைப்போம். சமதளத்தில் சைக்கிளை, லைட் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி நிறுத்துங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து, வேறு ஒருவர் பார்க்க வேண்டும், டயர் அமுங்கினால் கோடு மாறும். கட்-ஆஃப் கோடு 50 மீட்டரில் தரையைத் தொட வேண்டும் என்றால் சுவரில் அது 10 செமீ இறங்கி, 90 செமீ உயரத்தில் விழ வேண்டும். சுவரில் அந்த உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, கட்-ஆஃப் அதில் படியும்வரை சாய்த்துத் திருகை இறுக்குங்கள். கோடு லைட்டின் உயரத்துக்குச் சமமாகவோ மேலேயோ நின்றால் எதிரே வருகிறவர் கண்ணில் படும்.

பாரம் ஏற்றினால் மறுபடி பாருங்கள். பின்னால் கனமான பை மாட்டினால் பின்சக்கரம் அமுங்கி முன்பக்கம் சற்று நிமிரும், ஒரு டிகிரி நிமிர்ந்தாலே சுவரில் 9 செமீ ஏறிவிடும், அதாவது நீங்கள் வைத்த 10 செமீ ஏறக்குறைய முழுக்கப் போய்விடும்.

மின்கலம் எழுதியது:

வாங்கியதும் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டிய ஒன்று: சார்ஜ் ஒயர். சில லைட்டுகளில் டைப்-சி ஓட்டை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது, உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பி உள்ள ஒயரில்தான் ஏறும். வேலை செய்யும் இடத்தில் உங்களிடம் எந்த ஒயர் இருக்கிறதோ அதில் மாட்டிப் பாருங்கள். முழு சார்ஜ் ஏற்றி, ஓட்டப்போகும் மோடில் மின்விசிறிக்கு எதிரே வைத்து அணையும்வரை ஒரு தடவை எரிய விடுங்கள், காற்று படாமல் வைத்தால் சூடேறித் தானாகக் குறைந்துவிடும், நேரம் தப்பாக வரும். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி பார்க்கும்போது செல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும்.

கருக்கல்பயணி எழுதியது:

சரி, ஒயரையும் பார்த்துவிடுகிறேன். சுவருக்குத் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் என்னைவிட எடை குறைவு, இரண்டு பேரும் தனித்தனியாக ஏறி உட்கார்ந்து இரண்டு கோட்டையும் பார்த்துவிட்டு, மேலே விழும் கோடு சாக்பீஸ் கோட்டைத் தாண்டாதபடி திருகை இறுக்குகிறோம்.